230 கூட்டல்கள்

பொங்கலுக்குப் பேத்தி வந்திருந்தாள். சென்னையில் ஆராய்ச்சி மாணவி. போகிப் பண்டிகையன்றும் மடிக்கணினியை மூடவில்லை. திரையில் பச்சையும் சிவப்புமாகச் சுருள் சுருளான நாடாக்கள். "இது என்ன பாப்பா, ஜவுளிக் கடையா?" என்றேன். "புரதம் தாத்தா. செல் சவ்வுக்குள்ள இது எப்படிச் செருகியிருக்குன்னு கண்டுபிடிக்கிறேன்" என்றாள்.

சவ்வு என்றதும் எனக்கு 1967 ஞாபகம் வந்தது. நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் முசியே கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, 'லா மாம்ப்ரான் செல்யுலேர்' என்று எழுதுவார். அந்த வட்டத்தைக் காம்பவுண்டுச் சுவர் மாதிரி ஏதோ என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா தவறிப்போய், எழுத்தர் வேலைக்குப் போன பிறகு அந்த வட்டத்தை மறந்தே விட்டேன்.

பேத்தி சொன்னதை என் பாணியில் சொல்கிறேன். சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு. அதன் நடுவில் எண்ணெய்ப் பசையான பகுதி சுமார் 30 ஆங்ஸ்ட்ராம் தடிமன். ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடி பங்காக வெட்டினால் அதில் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. மணிகளில் 20 வகை உண்டு. சில மணிக்குத் தண்ணீர் பிடிக்கும், சிலவற்றுக்கு எண்ணெய் பிடிக்கும். மாலை சுருளாகச் சுற்றிக்கொண்டால் மணிக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம் நீளும். 30ஐ 1.5ஆல் வகுத்தால் 20. ஆக, எண்ணெய் பிடித்த மணிகள் ஏறத்தாழ 20 தொடர்ந்து வந்தால், அந்த இடம் சவ்வைத் துளைத்துப் போகிறது என்று ஊகிக்கலாம்.

"இவ்வளவுதானா? இதை நானே பேனாவால் போடுவேனே" என்றேன். அவள் விடவில்லை. 1982இல் கைட், டூலிட்டில் என்ற இருவர் கொடுத்த மதிப்பெண் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தாள். எண்ணெயை மிகவும் விரும்பும் ஐசோலூசினுக்கு 4.5. தண்ணீரையே நாடும் ஆர்ஜினினுக்குக் கழித்தல் 4.5. கூடவே ஒரு புரதத்தின் மணி வரிசையும் தந்தாள். உப்பளங்களில் வாழும் நுண்ணுயிர் ஒன்றின் ஊதா நிறப் புரதம் அது. பெயர் பாக்டீரியோரோடாப்சின், மொத்தம் 248 மணிகள். வெளிச்சம் பட்டால் செல்லுக்குள்ளிருந்து புரோட்டானை வெளியே தள்ளுமாம். "பத்தொன்பது பத்தொன்பதா கூட்டிக்கிட்டே வாங்க தாத்தா. மேடு எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினாள்.

248 மணிக்கு 230 கூட்டல். முதல் தொகையைப் போட்டுவிட்டால், மேலே ஒன்றைக் கழித்துக் கீழே ஒன்றைச் சேர்த்தால் அடுத்தது வந்துவிடும். சம்பளப் பட்டியல் போட்ட கைக்கு இது புதிதல்ல. நாலு நாள் போட்டேன்.

ஐந்தாம் நாள் மகள் வந்தாள். இவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1996இல் பி.எஸ்ஸி. முடித்ததும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உயிர் இயற்பியல் படிக்க ஆசைப்பட்டாள். ஜி.என். இராமச்சந்திரன் வளர்த்த துறை அது. புரத மாலை எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும், எதில் முடியாது என்று 1963இல் அவரும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் போட்ட வரைபடத்தை இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதையெல்லாம் அன்று அவள் எனக்கு விளக்கினாள். நான் காதில் வாங்கவில்லை. விடுதிச் செலவு, பெண் பிள்ளை, தனியாகச் சென்னை என்று காரணம் அடுக்கி, வங்கித் தேர்வு எழுத வைத்தேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. தேர்வில் வென்று வேலைக்குப் போனாள்.

மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்காமலே குனிந்து படித்தாள். விரல் வரிசையாக இறங்கி வந்து 112ஆம் வரியில் நின்றது. "அப்பா, இங்க கழித்தலைக் கூட்டிட்டீங்க. இதுக்குக் கீழ இருக்கிற அத்தனையும் தப்பு" என்றாள்.

"உன்னை அன்னைக்கு அனுப்பியிருக்கணும்மா" என்றேன். 30 வருஷம் தொண்டையில் கிடந்த வார்த்தை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஆமா" என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, "112ல இருந்து நான் சொல்றேன், எழுதுங்க" என்றாள்.

ராத்திரி பத்து மணி வரை போட்டோம். நான் மனக்கணக்கை இன்றும் பிரெஞ்சில்தான் முணுமுணுப்பேன். அவள் தமிழில் சொல்ல, நான் பிரெஞ்சில் கூட்ட, வரைபடத் தாளில் மேடுகள் எழுந்தன. ஆறு தெளிவாக வந்தன.

பேத்தியிடம் போனில் சொன்னோம். "ஏழு இருக்கணும் தாத்தா. 1975லயே கேம்பிரிட்ஜில ஹெண்டர்சனும் அன்வினும் எலக்ட்ரான் நுண்ணோக்கி வெச்சு ஏழு சுருளைப் பாத்துட்டாங்க. கடைசி ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்கும். வெறும் கூட்டலுக்கு அது பிடிபடாது. அதனாலதான் கணினிக்கு வேற வழியெல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம்" என்றாள். எந்த முனை உள்ளே, எது வெளியே என்பதற்கும் ஒரு வழி உண்டாம். நேர்மின்னூட்டம் உள்ள மணிகள் பெரும்பாலும் செல்லின் உட்புறமே தங்கும் என்று 1986இல் குன்னார் ஃபொன் ஹெய்னே கண்டிருக்கிறார். உள்வரவுப் பதிவேடும் வெளியனுப்புப் பதிவேடும் இடம் மாறினால் அலுவலகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். திசை எவ்வளவு முக்கியம் என்பது உடனே விளங்கியது.

போனை வைத்ததும் மகள் தாள்களை அடுக்கிக் குண்டூசி குத்தினாள். "அந்த நேர்மின்னூட்டக் கணக்கை நான் போட்டுப் பாக்கறேன்பா" என்று சொல்லி, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பென்சில்களைச் சீவி வைத்திருக்கிறேன்.