தவணை வண்டி யாருடையது?

2023 ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து என் மாமாவின் மகன் வந்திருந்தார். மாமா வீட்டு விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது, கைத்தொலைபேசியில் ஒரு காரின் படத்தைக் காட்டினார். இரண்டே கதவுகள். நிலத்தோடு ஒட்டினாற்போல் பதிந்த சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார்.

"உங்கடையோ மச்சான்?" என்று கேட்டேன்.

"ஓடுறது நான். ஆனால் லீசுக்கு எடுத்தது மச்சாள். மூண்டு வருசத்தாலை திருப்பிக் குடுத்திடுவன்."

அங்கே லீசிங் என்பது எங்களுடையதைப் போன்றதல்ல என்று விளக்கினார். மூன்று அல்லது நான்கு வருடங்களுக்கு மாதக் கட்டணம் கட்டி ஓடிவிட்டு, பெரும்பாலானோர் வண்டியைக் கொம்பனியிடமே ஒப்படைத்துவிடுவார்களாம். வருடத்துக்கு 16,000, 20,000 கிலோமீற்றர் என்று எல்லை போட்டிருப்பார்கள். அதற்கு மேல் ஓடினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தனிக்காசு. ஒப்படைக்கும் நாளில் கீறல், நசிவு, கண்ணாடி வெடிப்பு, ரயரின் தேய்மானம் எல்லாவற்றையும் பார்த்துக் கணக்கிடுவார்கள்.

"அப்ப கவனமாத்தானே ஓடவேணும்?"

மச்சான் சிரித்தார். "வெளியைக் கவனமாத்தான் பாக்கிறன். ஒரு கீறல் விழ விடமாட்டன். ஆனால் உள்ளை எஞ்சினை ஆர் திறந்து பாக்கப்போறான்?"

புதுக்கார் வாங்கினால் முதல் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீற்றர் வரை எஞ்சினை முறுக்காமல் மெதுவாகப் பழக்க வேண்டுமாம். குளிர்காலையில் ஒயில் சூடாகும் வரை பொறுத்து, அதன் பிறகுதான் வேகம் எடுக்க வேண்டுமாம். அதே மாதிரிக் காரைச் சொந்தமாக வாங்கிய அவருடைய நண்பர் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறார். வீதிக்கு உப்புப் போடும் பனிக்காலத்தில் காரை வெளியில் எடுக்காமல், போர்வை போர்த்திக் கராச்சில் விட்டுவிடுகிறார். மச்சானோ முதல் நாளே நெடுஞ்சாலையில் ஏறி ஒரு மிதி மிதித்துப் பார்த்தாராம். அதனால் வரக்கூடிய பழுது ஐந்தாறு வருடங்கள் கழித்துத்தான் தெரியும். அப்போது அந்தக் கார் வேறு யாரோ ஒருவரின் கையில் இருக்கும்.

மூலையில் சாய்மனைக்கதிரையில் இருந்த மாமா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "உன்னைப்போல நான் ஓடியிருந்தால் அம்மம்மா நாவற்குழிப் பாலம் தாண்டியிருக்கமாட்டா" என்றார்.

மாமா ஒரு காலத்தில் ஏ40 வாடகைக் கார் ஓடியவர். சொந்தக் கார். 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை எங்களில் பலர் கண்டிருக்கிறோம். சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்ராட் ஆக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவேண்டும். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. மிஞ்சியது ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். அதனால் மாமா ஒவ்வொரு பின்னேரமும் பிளக்கைக் கழற்றித் துடைப்பார். சாப்பாட்டுக்கு இல்லாவிட்டாலும் ஒயிலுக்குக் காசு எடுத்து வைப்பார் என்று மாமி ஏசுவா. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வின்போது எனக்கு எட்டு வயது. நடக்கமுடியாத அம்மம்மாவையும் இன்னும் நான்கு முதியவர்களையும் அந்தக் கார்தான் ஏற்றிச் சென்றது. சன நெருக்கத்துள் அடி அடியாக, இரவிரவாக ஊர்ந்தும் அந்த எஞ்சின் நின்றுபோகவில்லை.

மாமா சொன்னதைக் கேட்டு மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையில் அந்த வார்த்தை எனக்குத்தான் சுட்டது. ஏனென்றால் மச்சான் செய்ததையே நானும் செய்திருக்கிறேன். அதுவும் திருப்பிக் கொடுக்கப்போகாத ஒரு வண்டிக்கு.

2014 இல் கள வேலைக்காக ஒரு ஸ்கூட்டி எடுத்தேன். கையில் இருந்ததை முற்பணமாகக் கட்டி, மிகுதிக்கு லீசிங். மாதம் 5,600 ரூபாய் வீதம் 36 மாதங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து உள்வீதிகளில் அப்போது கிரவல் புழுதி. ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது கிலோமீற்றர் ஓடுவேன். ஞாயிறு தவறாமல் கழுவித் துடைத்துப் பொலிஸ் பண்ணுவேன். தவணை பிந்தினால் கொம்பனிக்காரர் வந்து பறிப்பார்கள் என்ற பயத்தில், சம்பளம் எடுத்த அன்றே தவணையைக் கட்டுவேன். இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொன்னார்கள். எனது ஓட்டத்துக்கு அது ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடும். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று தள்ளினேன். புழுதி அடைத்த காற்று வடியையும் மாற்றவில்லை. வண்டி ஓடிக்கொண்டுதானே இருந்தது!

2017 இல், ஐந்து தவணைகள் மிச்சம் இருக்கையில், ஒட்டுசுட்டான் வீதியில் வண்டி இறுகி நின்றுவிட்டது. நல்ல வெயில். அரை மணி நேரம் உருட்டிக்கொண்டு போய் ஒரு கராச்சில் விட்டேன். மெக்கானிக் ஐயா ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். நுனியில் தார் மாதிரி ஒரு கறுப்பு மட்டும்.

"பிள்ளை, வெளியிலை பவுண் மாதிரி வைச்சிருக்கிறியள். உள்ளுக்கை ஒரு சொட்டு ஒயில் இல்லை."

எஞ்சினைத் திருத்த ஏறக்குறைய மூன்று மாதத் தவணைக் காசு போனது. அந்தக் காசைச் சேர்க்க இரண்டு மாதம் எடுத்தது. அந்த இரண்டு மாதமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டு, ஓடாத வண்டிக்குத் தவணை கட்டினேன்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, சொத்துரிமை என்பது ஒரே உரிமை அல்ல, பல உரிமைகளின் கட்டு என்று படிப்பித்தார்கள். பயன்படுத்தும் உரிமை ஒன்று, விற்கும் உரிமை ஒன்று, பழுதானால் நட்டத்தைத் தாங்கும் பொறுப்பு இன்னொன்று. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோன இந்தப் பாடம், அந்தக் கராச் வாசலில்தான் எனக்கு விளங்கியது.

கனடா மச்சானின் லீசிங்கில், ஒப்படைத்த பின் வரும் பழுது கொம்பனிக்கோ அடுத்து வாங்குபவருக்கோ உரியது. எங்களுடைய லீசிங்கில், கடைசித் தவணை முடிந்ததும் பெரும்பாலும் வண்டி எங்கள் கைக்கே வந்துவிடுகிறது. அதுவரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று கொம்பனியின் பெயர் இருக்கும். ஆனால் எஞ்சின் இறுகினால், பிறேக் தேய்ந்தால், அந்த நட்டம் முதல் நாளில் இருந்தே எங்களுடையது. தாளில் உள்ள உரிமை அவர்களுக்கு, எஞ்சினுக்குள் உள்ள பழுது எங்களுக்கு. அப்படியானால் தவணை முடியும் வரை காத்திராமல், முதல் நாளே அதைச் சொந்த வண்டியாகப் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்தானே?

இதைச் சொல்லும்போது எமது பெண்களைக் குறை சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். "தன்ரை காசிலை வாங்கியிருந்தால் இப்பிடி வைச்சிருப்பாளே?" என்று அயலவர்கள் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். அது நியாயமற்ற பேச்சு. அக்கறை இல்லாமல் யாரும் ஒயிலை மாற்றாமல் விடுவதில்லை. தவணைக்கு ஒரு நாள் குறித்திருக்கிறது. பிந்தினால் தண்டப்பணம், தொலைபேசி அழைப்பு, வீட்டு வாசலில் ஆள். ஒயிலுக்கோ நாளும் இல்லை, கேட்டு வர ஆளும் இல்லை. வாய் திறந்து கேட்காத செலவைத்தான் நாம் முதலில் தள்ளிப்போடுகிறோம். எங்கள் உடம்பு வருத்தத்தையும் அப்படித்தானே தள்ளிப்போடுகிறோம்!

இதற்கு வழி கண்ட ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். ஊரையும் பெயரையும் சொல்லமாட்டேன். 2009 இல் கணவனை இழந்தவர். இரண்டு பிள்ளைகள். 2016 இல் ஓர் ஓட்டோவை லீசிங்கில் எடுத்து, அயலில் உள்ள ஒரு தம்பியிடம் நாள் வாடகைக்கு விட்டிருந்தார். தம்பிக்கு அது வாடகை வண்டி. பழுதானால் வேறொன்று எடுப்பான். அக்காவுக்கோ அது தவணை வண்டி. வாடகைக் காசு வந்ததும் தவணைக்கே போய்விடும். ஆக, வண்டிக்கு யாருமே இல்லை. ஒரு வருடத்துக்குள் பிறேக் போய், ரயர் வழுக்கி, ஒருநாள் மதகோடு மோதப் பார்த்தது. நல்லகாலம், பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் நேரம்.

அதன் பின் அந்த அக்கா ஓர் ஒழுங்கு செய்தார். வீட்டு வாசலில் ஓர் உண்டியல். மாலையில் வாடகை தரும்போது, அதில் 100 ரூபாயைத் தம்பியின் கண்முன்னேயே உண்டியலில் போடுவார். "இது எனக்கும் இல்லை, கொம்பனிக்கும் இல்லை. வண்டிக்கு" என்று சொல்லிவிட்டார். ஒயில், பிறேக், ரயர் எல்லாம் அதில் இருந்துதான். சித்திரை வருடப்பிறப்புக்கு உண்டியலை உடைக்கும்போது மிஞ்சியிருப்பதில் பாதி தம்பிக்கு. வண்டியை நன்றாக வைத்திருந்தால் மிச்சம் கூடும் என்பது அவனுக்கு விளங்கியது. குழி கண்ட இடத்தில் மெதுவாகப் போகப் பழகினான். சில்லில் ஏதும் சத்தம் கேட்டால் அவனே முதலில் வந்து சொல்லத் தொடங்கினான்.

2020 இல் ஊரடங்கு வந்து ஓட்டம் நின்றது. 2022 இல் எரிபொருள் வரிசை வந்தது. அதையெல்லாம் தாண்டி அந்த ஓட்டோ இன்றும் ஓடுகிறது. தவணை முடிந்து புத்தகம் அக்காவின் பெயருக்கு வந்துவிட்டது. அவருடன் அதே காலத்தில் எடுத்த இன்னொரு குடும்பத்தின் வண்டி, எஞ்சின் பழுதாகி மூன்று மாதம் நின்றது. வருமானம் இல்லாததால் தவணை நின்றது. கொம்பனி வண்டியை எடுத்துச் சென்றது. கட்டிய காசும் போய், வண்டியும் போனது. முதலில் தவறியது தவணை அல்ல, பராமரிப்புத்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஒன்று போனால் இன்னொன்று என்று வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. கையில் இருப்பதை நீண்டகாலம் வைத்திருப்பதுதான் எங்களுக்கு லாபம்.

எனவே வண்டியோ, தண்ணீர்ப் பம்போ, தையல் இயந்திரமோ, தவணைக்கு எடுக்க நினைக்கும் சகோதரிகளுக்கு அனுபவத்தில் கண்ட சில விடயங்களைச் சொல்கிறேன்.

கையெழுத்து வைக்கும் முன் மாதத் தவணையை மட்டும் கேட்காதீர்கள். கடைசி வரை மொத்தமாக எவ்வளவு கட்டவேண்டும், பிந்தினால் தண்டம் எவ்வளவு, எத்தனை தவணை தவறினால் வண்டியை எடுப்பார்கள் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் விளங்காத மொழியில் இருந்தால் வாசித்து விளக்கக்கூடிய ஒருவரிடம் காட்டுங்கள். பிரதி ஒன்றை வாங்காமல் எழும்பவேண்டாம். லீசிங் நடத்தும் நிறுவனங்கள் 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்கீழ் மத்திய வங்கியில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அதையும் விசாரியுங்கள்.

உங்கள் வருமானத்தில் தவணையைக் கழித்துப் பார்ப்பதோடு நிற்காமல் காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப் பத்திரம், புகைப் பரிசோதனை, ஒயில், ரயர் எல்லாவற்றையும் பன்னிரண்டால் பிரித்துத் தவணையோடு கூட்டிப் பாருங்கள். அதுதான் உண்மையான தவணை. அதைக் கட்ட இயலாது என்றால் அந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம். பழைய சைக்கிள் இன்னும் ஒரு வருடம் ஓடட்டும்.

ஒரு கொப்பி வைத்து, தவணை கட்டிய திகதிக்குப் பக்கத்திலேயே ஒயில் மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் எழுதுங்கள். பற்றுச்சீட்டுகளைத் தறப்பாள் பையில் பத்திரப்படுத்துங்கள். கடைசித் தவணை முடிந்ததும் கொம்பனியிடம் விடுவிப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அவர்களின் பெயரை நீக்கும் வரை ஓயாதீர்கள். காசு முழுதும் கட்டிவிட்டு இதைச் செய்யாமல் விட்டு, விற்கப் போகும்போது அலைந்தவர்கள் பலர்.

எனது ஸ்கூட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. இருக்கையின் தோல் வெடித்துவிட்டது, முன் மூடியில் ஒரு கீறல், பொலிசும் இப்போது அவ்வளவாகப் பண்ணுவதில்லை. ஒயில் மட்டும் ஒருநாளும் பிந்தியதில்லை. கனடாவுக்குத் திரும்பிய மச்சான் சென்ற வருடம் தொலைபேசியில் பேசியபோது, தவணை முடிந்ததும் அந்தக் காரைத் தானே விலை கட்டி வாங்கிவிட்டதாகச் சொன்னார். முதல் மூன்று வருடம் தான் மிதித்த மிதிக்கு இப்போது தானே காசு கட்டுகிறாராம்.

பக்கத்தில் இருந்து கேட்ட மாமா சிரிக்கவில்லை. "இனியாவது பின்னேரத்திலை ஒருக்கால் திறந்து பாக்கச் சொல்லு பிள்ளை" என்றார்.