கடலுக்குக் கணப்பு

மதுரையில் குடியிருக்கும் ஒருவன் தண்ணீரைச் சூடாக்கும் சாதனம் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினான் என்றால், கேட்பவர்கள் அவனை ஏற இறங்கத்தான் பார்ப்பார்கள். என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை மாதத்தில் வெறுங்காலைத் தார் ரோட்டில் வைக்க முடியாத ஊர் இது. பங்குனி பிறந்தாலே பகலில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. "இந்த ஊரில் மீனுக்கு ஹீட்டரா?" என்று என் மனைவி கேட்டதில் குற்றமே இல்லை.

மீன் என்னுடையதல்ல, பேரனுடையது. கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகும்போது, மூன்றடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியையும், அதிலிருந்த நூற்றிருபது லிட்டர் உப்புத் தண்ணீரையும், இரண்டு கோமாளி மீன்களையும் என் பொறுப்பில் விட்டுப் போனான். ஆரஞ்சு நிற உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள். 2003-இல் வந்த ஒரு சினிமாவுக்குப் பிறகு உலகத்துக் குழந்தைகள் எல்லாரும் 'நீமோ' என்று அழைக்கிறார்களே, அதே ஜாதி. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் (தலைமையகம் மண்டபத்திலிருந்து பிற்பாடு கொச்சிக்குப் போய்விட்டது) கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் வித்தையைச் செய்து காட்டியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தவையும் பண்ணையில் பிறந்தவைதாம். அலையைக் கண்ணால் கண்டதில்லை.

இரண்டில் பெரியது பெண், சின்னது ஆண். பேரன் அவற்றுக்கு வைத்த பெயர் பெரியவள், சின்னவன். அதற்குமேல் கற்பனை செய்ய அவன் என்னைப்போல் நாவல் எழுதுகிறவனில்லை.

தண்ணீர் சமாசாரத்தில் அவன் எனக்கு ஒரு மாதம் பாடம் நடத்தினான். தூத்துக்குடி உப்பு கூப்பிடு தூரத்தில் கிடைக்க, எதற்கு விலை கொடுத்து உப்புக் கலவை வாங்குகிறாய் என்று கேட்டேன். அளத்து உப்பு விளையும்போது மக்னீசியம் முதலான மற்ற உப்புகள் பெரும்பாலும் கசப்பு நீரோடு போய்விடுமாம்; சமையலுக்கு ஆகும், கடலுக்கு ஆகாது என்றான். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. கடைசியாகச் சொன்னான்: "சூடு 25, 26-ல நிக்கணும் தாத்தா. ஒண்ணு ரெண்டு கூடினா குறைஞ்சாக்கூடப் பரவாயில்லை. தினம் ஏறி இறங்கக் கூடாது."

ஐப்பசி வரையில் கவலையில்லை. மார்கழியில் மாடி அறையில் வைத்திருந்த தொட்டி தன் குணத்தைக் காட்டியது. விடியற்காலையில் 22, பிற்பகலில் 26. கடலில் இப்படி நடக்காது. அத்தனை தண்ணீரும் ஒரே நாளில் குளிர்ந்து சூடேற எங்கே நேரம்? கடல் மீனுக்கு இந்த ஊஞ்சல் ஒத்துக்கொள்வதில்லை. வெள்ளைப் புள்ளி நோய் வந்துவிடும் என்று பயமுறுத்தியிருந்தான். ஆகவே ஹீட்டர் வாங்கப் புறப்பட்டேன்.

கடைக்காரர் மரியாதையான மனிதர். "சின்னது எடுத்தா ஓயாம வேலை செஞ்சு சீக்கிரம் போயிடும் ஐயா. பெரிசா எடுத்துக்கிட்டா அலட்டிக்காம வேலை பார்க்கும்" என்றார். மாடு வாங்கினாலும் மனிதரை வேலைக்கு வைத்தாலும் சரியாகத் தோன்றும் வாதம். 300 வாட் வாங்கி வந்தேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான கண்ணாடிக் குழாய், தலையில் ஒரு திருகு, உள்ளே சிவப்பு விளக்கு. நாற்பது நாள் அழகாக வேலை செய்தது.

தை மாதத்தில் ஒரு நாள் காலை காப்பியோடு மாடிக்குப் போனேன். தொட்டியின் கண்ணாடியில் கை வைத்தால், குளிப்பதற்கு விளாவி வைத்த அண்டாவைத் தொட்டதுபோல் இருந்தது. உஷ்ணமானி 35 காட்டியது. சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. பெரியவள் மணலில் சாய்ந்து கிடந்தாள். சின்னவன் மேலே வந்து, பம்பு நுரை தள்ளும் மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

35 டிகிரி நமக்கு ஒன்றுமில்லை. வைகாசியில் நிழலிலேயே அதற்குமேல் இருக்கும். மீனுக்கு அப்படியில்லை. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடையில் கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டி நின்றபோது பவளப் பாறைகளே வெளுத்துப் போயின. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகிறது. அதே சமயம் மீனுக்கு வேண்டிய பிராணவாயு கூடுகிறது. பெரிய உடம்புக்குத் தேவையும் பெரிது.

நல்ல வேளையாக முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். அப்புறம் அவசரத்தில் ஹீட்டரைச் சூட்டோடு வெளியே இழுத்தேன். அது படீரென்று விரிசல் விட்டது. ஐஸ் வாங்கிக் கொட்டலாமா என்று ஓடிய என்னை என் மனைவிதான் தடுத்தாள்: "காய்ச்சல்காரன் தலையில ஐஸ்கட்டியைக் கொட்டுவீங்களா?" மின்விசிறியைத் தண்ணீர்மேல் திருப்பி வைத்தோம். சாயங்காலத்துக்குள் மெள்ள மெள்ள 28-க்கு வந்தது. சின்னவன் பிழைத்தான்.

உடைந்த ஹீட்டரை, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மேல் மூடியைக் கழற்றி இரண்டு மெல்லிய தகடுகளைக் காட்டினார். சூடேறினால் ஒரு தகடு வளைந்து மற்றதை விட்டு விலக வேண்டும், மின்சாரம் நின்றுவிடும். சேரும்போதும் பிரியும்போதும் முனையில் சின்னப் பொறி பறக்கும். ஆயிரம் தடவை பொறி பறந்தபின் ஒரு நாள், பற்றவைத்ததுபோல் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு திருகை எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

"ஹீட்டர் கெட்டுப்போறது ரெண்டு விதம். எரியாமப் போறது ஒண்ணு, அணையாமப் போறது ஒண்ணு. நீங்க முதலாவதுக்குப் பயந்து ரெண்டாவதை வாங்கிட்டு வந்தீங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய உறையின் முதுகில் கணக்குப் போட்டார். நூற்றிருபது லிட்டரை 300 வாட் அரை மணிக்கு ஒரு டிகிரி ஏற்றும். காற்று திருப்பி எடுத்துக்கொள்வதைக் கழித்தாலும் இரவு பத்து மணிக்கு ஒட்டிக்கொண்டால் விடிவதற்குள் பத்து டிகிரி. அதே தொட்டியில் 50 வாட் என்றால் ஒரு டிகிரிக்கு இரண்டரை மணிக்கு மேலாகும். அதிலும் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். காலையில் எழுந்து காப்பி குடித்துவிட்டு வந்து பார்க்க அவகாசம் இருக்கும். காலனுக்கு 5 வாட் என்று புத்தகங்களில் போட்டிருப்பது பனி கொட்டும் தேசத்து வீடுகளுக்கு. நம் ஊரில் மார்கழிக் குளிரைத் தாண்ட மூன்று நான்கு டிகிரி போதும். ஆகவே 50 வாட் ஹீட்டர் இரண்டு. ஒன்று செத்தால் மற்றது தாங்கும், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் சமைத்துவிடாது.

அந்தக் கணக்குப்படியே வாங்கினேன். எஃகு உப்பில் துருப்பிடிக்கும் என்று கண்ணாடியே எடுத்தேன். டைட்டானியம் துருவும் பிடிக்காது, உடையவும் உடையாது. ஆனால் உலோகமானதால் மூன்று முள் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும். எங்கள் பழைய வீட்டு எர்த்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. கசிவு கண்டால் மின்சாரத்தை வெட்டும் சாதனம் ஒன்றை நண்பரே வந்து பொருத்தினார். ஒயரைப் பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே கொண்டுபோனார். வழியும் உப்புத் தண்ணீர் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது.

தொட்டியில் போடுமுன் ஒவ்வொன்றையும் இரண்டு நாள் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். 26-இல் வைத்த ஒன்று 29 வரையில் போயிற்று. திருப்பிக் கொடுத்து மாற்றினேன். கடைக்காரர் முகம் சற்றே வாடியது. அதற்குமேல் காவலாக, உணர்கம்பியைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்த்து மின்சாரத்தை நிறுத்தும் தனிப் பெட்டி ஒன்று. பெட்டியை 25½-இலும், ஹீட்டர்களின் திருகை 27-இலும் வைத்தால், இரண்டும் ஒரே இரவில் பழுதானால்தான் ஆபத்து. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உணர்கம்பி தண்ணீரை விட்டு வெளியே விழுந்தால், பெட்டி அறைக் குளிரைப் பார்த்து, 'இன்னும் சூடாகவில்லை' என்று மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை இரண்டு இடத்தில் இறுகப் பிடிக்கவைத்தேன்.

இத்தனையும் செய்தேனே தவிர, செய்ய வேண்டிய முதல் காரியத்தைச் செய்யவில்லை. பேரன் ஞாயிறு தோறும் டெலிபோன் செய்வான். அந்த ஞாயிறன்று, "பெரியவ எப்படி இருக்கா தாத்தா?" என்றான். "நல்லா இருக்காடா" என்றேன். கதைகளில் எத்தனையோ பாத்திரங்களைச் சாகடித்திருக்கிறேன். ஏன் கொன்றீர்கள் என்று அழுது கடிதம் எழுதிய வாசகிகளுக்கெல்லாம் கூசாமல் பதில் போட்டிருக்கிறேன். ஒரு சாண் நீளம்கூட இல்லாத மீனைப்பற்றி உண்மை சொல்ல நாக்கு எழவில்லை. மின்சாரம் தடைப்பட்டதால் செத்தது என்று சொல்லிவிடலாம் என்றுகூட யோசித்தேன். மதுரையில் யாரும் நம்பக்கூடிய காரணம் அது.

அடுத்த ஞாயிறு சொல்லிவிட்டேன். 300 வாட்டையும் சொன்னேன், போன வாரத்துப் பொய்யையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"சின்னவன் சாப்பிடறானா?"

"சாப்பிடறான்."

"அவனை யாருக்கும் கொடுத்துடாதீங்க தாத்தா. இனிமே அவன்தான் பெரியவளா ஆகப் போறான்."

விளையாட்டில்லை; இந்த ஜாதியில் எல்லாமே ஆணாகத்தான் தொடங்குகின்றன. பெண் போய்விட்டால், இருக்கிற ஆண் மெள்ள உடம்பு பெருத்துப் பெண்ணாக மாறிவிடும். மாசியில் அவனே ஊருக்கு வந்து, சின்னவனைவிடச் சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்து விட்டுப் போனான். முதல் வாரம் சின்னவன் அதைத் தொட்டி முழுக்கத் துரத்தினான்.

இப்போது சித்திரை. இரண்டு ஹீட்டர்களும் வேலையில்லாமல் கிடக்கின்றன. மேலே மின்விசிறி சுற்றுகிறது. அப்படியும் தண்ணீர் 28. ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் மணி அடித்தால், அதை எடுக்குமுன் மாடிக்கு ஏறி உஷ்ணமானியைப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்குள் மணி நின்றுவிடுகிறது. பேரன் மறுபடியும் கூப்பிடுகிறான்.