விதியும் நானும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

‘எல்லாம் தலையெழுத்து!’ இந்தச் சொல்லைக் கேட்காத காது நம் நாட்டில் உண்டா? தேர்வில் தோற்றவன் சொல்கிறான். மழை பொய்த்த உழவன் சொல்கிறான். மகளுக்கு வரன் அமையாத தாய் சொல்கிறாள். நான் அதை ஒரே நாளில், ஒரே வீட்டில், இரண்டு பேர் வாயிலிருந்து கேட்டேன். அன்று பிறந்த கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

என் ஊர் கொடைக்கானல் மலைமேல் இருக்கிறது. அத்தா லாரி ஓட்டுநர். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளையும் கேரட்டையும் பூண்டையும் ஏற்றிக்கொண்டு, பழனி மலைப்பாதை வழியாக ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போவார். வண்டி அவருடையது அன்று. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று மூன்று நாளாக உரிமையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “இந்த ஒரு லோடு இறக்கிட்டு வா, அப்புறம் பட்டறையில விடலாம்” என்பது பதில். அந்த லோடு சந்தையில் இறங்கவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் எல்லாம் முடிந்துபோயிற்று. அப்போது நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

மையித்தை எடுக்குமுன் நன்னி சுவரில் சாய்ந்தபடி சொன்னார்: “கொடுத்தவன் எடுத்துக்கிட்டான். அவன் எழுதினதை யாரு அழிக்க முடியும்?” அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அன்றைய இரவைக் கடந்தார். சற்று நேரத்தில் வண்டி உரிமையாளர் வந்தார். மாமாவின் கையைப் பற்றிக்கொண்டு அவரும் அதையே சொன்னார்: “என்ன செய்யறது? விதி. அந்த நேரத்துக்கு எழுதியிருக்கு.”

சொல் ஒன்றுதான். ஆனால் நன்னி சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்னபோது நெஞ்சு எரிந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

மதரஸாவில் ஈமானின் ஆறு அம்சங்களை மனப்பாடமாக ஒப்பிப்போம். அவற்றுள் விதியை நம்புவதும் ஒன்று. நன்மையும் தீமையும் இறைவன் விதித்தபடியே. ஒரு நாள் துணிந்து ஹஜ்ரத்திடம் கேட்டேன்: “பிரேக்கைச் சரி பண்ணாததும் அல்லாஹ் விதிச்சதுதானா ஹஜ்ரத்?” அவர் கோபிக்கவில்லை. சற்று மௌனமாக இருந்துவிட்டு ஒரு வரலாறு சொன்னார்.

கலீஃபா உமர் அவர்கள் சிரியாவை நோக்கிப் பயணம் செய்கிறார்கள். கி.பி. 639ஆம் ஆண்டளவில் நடந்தது. ஸர்கு என்ற இடத்தை அடைந்தபோது, சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வருகிறது. உடன் வந்தவர்களைக் கலந்து பேசித் திரும்பிவிட முடிவு செய்கிறார்கள். படைத்தலைவர் அபூ உபைதா, இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்கிறார். ஆம், இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கு ஓடுகிறோம் என்பது உமரின் விடை. ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வறட்சி. ஒட்டகத்தைப் பச்சையில் மேய்த்தாலும் விதிப்படிதான். வறட்சியில் மேய்த்தாலும் விதிப்படிதான். அப்படியிருக்க, எதில் மேய்ப்பாய்?

மலையில் பிறந்தவனுக்கு இந்த உவமை எளிதில் விளங்கும். கொடைக்கானலிலிருந்து பழனிக்குப் பேருந்தில் இறங்கும்போதெல்லாம் பார்க்கிறேன். மேலே மூடுபனியும் சோலையும். அடிவாரத்தில் வெயிலும் முள்மரமும். இரண்டும் நான் படைத்தவை அல்ல. ஆனால் எங்கே மேய்ப்பது என்று எனக்குக் கண் தரப்பட்டிருக்கிறது.

அபூ உபைதா தம் வீரர்களை விட்டுப் பிரிய மனமின்றிச் சிரியாவிலேயே தங்கி, அந்நோயிலேயே உயிர் நீத்தார். அவரும் விதியை நம்பியவரே. ஆனால் அந்த நம்பிக்கையால் அவர் தம் கடமையை உதறவில்லை. அதில் இன்னும் உறுதியாக நின்றார்.

கல்லூரிக்கு வந்த பிறகு நூலகத்தில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். என் சின்னஞ்சிறு கேள்விக்காக ஒரு காலத்தில் உயிர்களே போயிருக்கின்றன என்று அறிந்து திகைத்தேன். 661இல் டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்டு உமையாக்கள் ஆட்சிக்கு வந்தனர். தங்கள் ஆட்சி இறைவன் விதித்தது என்பது அவர்கள் தரப்புப் பேச்சு. பஸ்ராவில் மஅபத் அல்ஜுஹனீ என்பவர், மனிதன் செய்வதற்கு மனிதனே பொறுப்பு என்றார். 700ஆம் ஆண்டையொட்டி அவர் கொல்லப்பட்டார். ஆட்சியாளர்கள் இரத்தம் சிந்திப் பொருளைப் பறித்துவிட்டு, அதை இறைவனின் விதி என்கிறார்களே என்று அவர் முறையிட்டதாகவும், அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று பெரியார் ஹஸன் பஸரீ விடை கூறியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. அதே கொள்கையைப் பேசிய கைலான் என்பவரும் கலீஃபா ஹிஷாமின் ஆட்சியில் கொல்லப்பட்டார்.

அதைப் படித்தபோது, என் நெஞ்சு ஏன் எரிந்தது என்பது விளங்கியது. இழந்தவர் வாயில் விதி என்பது ஆறுதல். இழக்கச் செய்தவர் வாயில் அதுவே தப்பிக்கும் வழி!

எதிர்க்கரையிலும் ஒருவர் இருந்தார். ஜஹ்ம் இப்னு ஸஃப்வான் என்று பெயர். மரம் காய்த்தது, கல் உருண்டது என்று பேச்சுக்குச் சொல்வதைப் போன்றதே மனிதன் செய்தான் என்பதும் என்று அவர் வாதிட்டார். விந்தை என்னவென்றால், அவரும் உமையாக்களை எதிர்த்த கிளர்ச்சியில் நின்று 746இல் கொல்லப்பட்டார். எல்லாம் விதி என்றவரும் சும்மா இருக்கவில்லை பாருங்கள்!

பின்னர் வந்த அறிஞர்கள் நடுவழி தேடினர். 936இல் மறைந்த அஷ்அரீ ஒருவர். சமர்கந்தில் 944இல் மறைந்த மாதுரீதீ மற்றொருவர். செயலைப் படைப்பவன் இறைவன், அதைத் தேர்ந்துகொள்பவன் மனிதன், அந்தத் தேர்வுக்கு அவனே பொறுப்பு என்பது மாதுரீதீயின் முடிவு. நம் கடற்கரை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபியீ வழியினர். எங்களைப் போன்ற இராவுத்தர்கள் ஹனஃபீ வழியினர்; அவ்வழியில் மாதுரீதீயின் கொள்கையே பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. சமர்கந்தில் ஆராய்ந்த முடிவு, பெயர்கூடத் தெரியாமல், எங்கள் மலை மதரஸா வரை வந்திருக்கிறது!

இங்கே இயற்பியல் மாணவனான எனக்கு ஓர் ஐயம். நான் என்ன செய்வேன் என்று இறைவன் முன்பே அறிந்திருந்தால், நான் அதைச் செய்துதானே ஆக வேண்டும்? 1899இல் கொடைக்கானலில் அமைந்த சூரிய ஆய்வுக்கூடத்தை நினைத்துக்கொண்டேன். 2019 டிசம்பர் 26இல் திண்டுக்கல்லில் தெரிந்த வளையச் சூரிய கிரகணத்தை வானியலார் நிமிடக் கணக்கில் முன்பே சொல்லியிருந்தனர். அவர்கள் சொன்னதாலா கிரகணம் வந்தது? அறிவது வேறு, ஆட்டிவைப்பது வேறு. ஹனஃபீ வழியின் முதல்வர் இமாம் அபூ ஹனீஃபா (மறைவு 767) பெயரால் வழங்கும் நூலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. இறைவன் எழுதியது, நடப்பதை விவரிக்கும் எழுத்து. நடத்தென்று ஏவும் எழுத்தன்று. சூரியனுக்கு நிற்கவும் நகரவும் விருப்பமில்லை, மனிதனுக்கு உண்டு என்பதை மறக்கவில்லை. ஆயினும் என் ஐயம் பாதி தீர்ந்தது.

வள்ளுவரும் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைப் பாடிவிட்டு, 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் பாடினார். இரண்டையும் ஒரே நெஞ்சில் சுமக்க முடியும் போலும்!

இவ்வளவும் படித்த நான் என்ன செய்தேன்? அதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தா மறைந்தபின், “இவனுக்குப் படிப்பு எழுதலை, ஏதாவது பட்டறையில சேர்த்து விடுவோம்” என்றார் மாமா. இத்தா முடியும் வரை எதுவும் பேசாதிருந்த அம்மா, அது முடிந்ததும் ஒரு கடையில் சாக்லேட் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போனார். மாமாவிடம் சொன்னது ஒன்றுதான்: “எழுதியிருக்கா இல்லையான்னு, படிக்க வச்சுப் பார்த்தாத்தானே அண்ணே தெரியும்?” எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளாக நான் வந்தது அந்த ஒரு கேள்வியால்தான்.

அப்படி வந்தவன் முதல் பருவத் தேர்வில் கணிதத் தாளில் தவறினேன். படிக்க வேண்டிய இரவுகளை விடுதியில் அரட்டையில் கழித்திருந்தேன். வீட்டுக்குப் போய், “எனக்கு நசீபு இல்லைம்மா” என்றேன். அம்மா கையிலிருந்த வேலையை நிறுத்தினார்.

“உங்கத்தா மவுத்தான அன்னிக்கு அந்த முதலாளி சொன்னதையாப்பா நீயும் சொல்றே?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எந்த வாய் சொன்னதற்காக இத்தனை ஆண்டுகள் எரிந்தேனோ, அதே வாய் எனக்கும் இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன்.

அந்தத் தாளை அடுத்த முறை எழுதித் தேறினேன். அத்தாவின் மரணம் விதியா என்று இப்போது யாராவது கேட்டால், நன்னியோடு சேர்ந்து ‘ஆம்’ என்பேன். அந்த பிரேக் விதியா என்று கேட்டால், ‘இல்லை, அதற்கு ஓர் ஆள் பொறுப்பு’ என்பேன். இரண்டையும் ஒன்றாகச் சொல்வது முரண் என்று தர்க்கம் கற்ற நண்பர்கள் சொல்லலாம். இருக்கட்டும். நண்பர்களே, அடுத்தவர் துயரத்துக்கு முன் நின்று ‘விதி’ என்று சொல்ல வாயெடுக்கும்போது, அதில் நம் கை எவ்வளவு என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். நம்முடைய தோல்விக்கும் அப்படியே.

அம்மா இன்னும் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறார். எழுதியிருக்கிறதா இல்லையா என்று பார்க்க இன்னும் ஓராண்டு இருக்கிறது.