சுவரொட்டி தின்றும் ஊறாத ரத்தம்

எங்க காலனியில் ரத்தம் குறைந்தவர்களுக்கு ஒரே வைத்தியம்தான். மாட்டுச் சுவரொட்டியைச் சுட்டுத் தருவது. பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான், அறுப்பில் மயங்கி விழுந்தவளுக்கும் அதுதான். பலருக்குப் பலித்துமிருக்கிறது. பசியால் வந்த சோகை தின்றால் தீரும்.

அண்ணனுக்கு வந்தது வேறு. கரும்பு வெட்டிய உடம்பு, நாலு கட்டு தூக்குவதற்குள் மூச்சு வாங்கியது. "சேரிப்பய சோம்பேறியாப் பூட்டான்"னு ஆண்டை ஊரெல்லாம் சொன்னார். இரண்டு சிறுநீரகமும் செத்துக்கொண்டிருந்தன.

டயாலிசிஸ் இலவசமாகக் கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறினோம். ஆனாலும் ஹீமோகுளோபின் 6லேயே கிடந்தது. "கீரை, பேரீச்சம்பழம்லாம் தின்னச் சொல்லும்மா. ஒங்க ஆளுங்க ஒழுங்காத் தின்னா ஏன் இப்படி?" என்றார் அங்கிருந்தவர். அப்புறம் மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினார்கள். நாலு நாள் தெம்பு, மறுபடி மூச்சிரைப்பு.

புதிதாக வந்த ஒரு டாக்டரம்மாதான் உட்காரவைத்துச் சொன்னார். ரத்தம் ஊறுவது எலும்பு மஜ்ஜையில். ஊறச் சொல்லி ஆள் அனுப்புவது சிறுநீரகம். அந்த ஆளுக்குப் பேர் எரித்ரோபாய்டின். சிறுநீரகம் கெட்டால் ஆள் வராது. எவ்வளவு தின்றாலும் போதுமான ரத்தம் ஊறாது. கீரையிலும் பேரீச்சம்பழத்திலும் பொட்டாசியம் அதிகம். அது டயாலிசிஸ்காரர்களுக்கு ஏறிப்போனால் இதயமே நின்றுவிடும். எரித்ரோபாய்டினை ஊசியாகப் போடலாம். அமெரிக்காவில் 1989இலேயே அதற்கு அனுமதி கொடுத்தாயிற்று. டயாலிசிஸ் குழாயில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரத்தம் வீணாவதால், பரிசோதித்துப் பார்த்து இரும்புச்சத்தையும் நரம்பில் ஏற்ற வேண்டும். ஹீமோகுளோபின் 10லிருந்து 11.5 வந்தால் போதும். 13ஐத் தாண்டி ஏற்றினால் பக்கவாதம் வரக்கூடும்.

இன்னொன்றும் சொன்னார். அடுத்தவர் ரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் எதிர்ப்பணுக்கள் உண்டாகும். பிறகு மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது கஷ்டம். தன் சிறுநீரகத்தைத் தரக் காத்திருந்தாள் எங்கம்மா. ரத்தம் ஏற்றும்போது அதை எங்களிடம் யாருமே சொல்லவில்லை.

அந்த ஊசியைக் கேட்டேன். "வெலை ஜாஸ்தி, வெளியதான் வாங்கணும். ஒங்களால முடியாதும்மா" என்றார்கள். "முடியுமா முடியாதான்னு நாங்க சொல்றோம். சீட்டுல எழுதுங்க" என்று நின்றேன். எழுதினார்கள். சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போனால், ஊசி அங்கேயே இருப்பில் இருந்தது.

மூன்று மாசத்தில் 10 வந்தது. அண்ணன் இப்போது ஏரிக்கரைவரை நடக்கிறது.

டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் கேளுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு, இரும்பு எவ்வளவு, ஊசி ஏன் போடவில்லை? பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.