விரலில் சுற்றிய துணி

கலை பற்றி எழுதுகிறவன் நான். தெரிந்தே செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அனா மென்டியெட்டா, கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கலைஞர். 1973 தொடங்கி, தன் உடலின் வடிவை மண்ணிலும் பூவிலும் நெருப்பிலும் பதித்துக்கொண்டே போனார். 1976இல் மெக்சிகோவின் லா வென்டோசா கடற்கரையில் ஈர மணலை ஆள் வடிவில் தோண்டிச் சிவப்புச் சாயப்பொடியை நிரப்பினார். அலை ஏறி ஏறி அதைக் கரைத்தது. மிஞ்சியவை புகைப்படங்கள்தான். உடல், காலம், கடல் மூன்றும் அந்தச் சின்னப் பள்ளத்துக்குள் இருப்பதாக இன்றைக்கும் நம்புகிறேன்.

அவரைப் பற்றிய கட்டுரைக்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று வேண்டியிருந்தது. பாம்பனுக்குப் போய், பாசி எடுக்கும் பெண்களைப் படம் பிடித்தேன். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, நீருக்குள் பார்க்கக் கண்ணாடி, இடுப்பில் பை. கரையேறிய ஓர் அக்கா விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பிய்த்து நகத்தோரமெல்லாம் கிழிந்திருந்தது. உப்புநீரில் ஊறிக் காயத்தின் விளிம்பு வெளுத்திருந்தது. "இதையும் போடுங்க தம்பி" என்றார். எடுத்தேன். போடவில்லை.

போட்டது தூரத்துப் படம்: நீலக் கடலில் சில தலைகள். கீழே 'நிகழ்த்துகலை' என்று எழுதினேன். படத்தில் அந்தக் கை வந்தால் கூலிப் பேச்சு வரும், கூலிப் பேச்சு வந்தால் என் கட்டுரையின் அழகு குலையும். அதனால்தான் தள்ளினேன். அவர் பெயரையும் கேட்கவில்லை.

காலத்தைப் பற்றி அந்தப் பெண்களிடம் கேட்டிருக்க வேண்டும். மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது, மீன் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் போவதில்லை என்பது அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆன பிறகு, தீவுப் பக்கம் போனால் வனத்துறை மறிக்கும். அவர்களைப் போலவே பாசி எடுக்கும் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்த செய்தி எனக்குத் தெரியும். என் கட்டுரையில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கையின் படம் இன்னமும் என்னிடம் இருக்கிறது. அதை எங்கே போடுவதானாலும் முதலில் பாம்பன் போய், அந்த அக்காவின் பெயரைக் கேட்டு, நான் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இன்னும் போகவில்லை.