சாய்ந்துகொண்டே சவாரி

மனிதன் நின்றுகொண்டு வேலை செய்கிறான், உட்கார்ந்துகொண்டு யோசிக்கிறான், சாய்ந்துகொண்டால் தூங்கிவிடுகிறான். ஆகவே சாய்ந்துகொண்டு சைக்கிள் விடுகிறவனைக் கண்டால், சோம்பேறிகளின் அரசன் இவன்தான் என்று உலகம் முடிவு கட்டிவிடுகிறது. புணே நகரத்தில் கடந்த ஆறு மாதங்களாக அந்தப் பட்டத்தைச் சுமந்து திரிபவன் நான். நம் சங்கத்து அன்பர்கள் பலர், "கட்டிலில் பட்டினப் பிரவேசம் எப்போது?" என்று கேலி செய்வதால், அதன் வரலாற்றை இங்கே சொல்லிவிடுவது நலம்.

இந்த வண்டி வேடிக்கைக்காகப் பிறந்ததன்று. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் சாலையில் சறுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிற்று, ஆனால் கைப்பிடியில் பாரத்தை ஊன்றிப் பத்து நிமிஷம் போனால் விரல்கள் மரத்துப்போகும். "சைக்கிளை மறந்துவிடுங்கள்" என்றார் மருத்துவர். என் அறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே ஒன்பது கிலோமீட்டர். அது போகட்டும், கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருப்பவரின் மகன் நான். எங்கள் வீட்டு அரிசியும் என் படிப்பும் பஞ்சர் ஒட்டிய காசில் வந்தவை. சைக்கிளை மறப்பது எங்ஙனம்?

அப்போதுதான் சாய்வு சைக்கிளைப் பற்றிப் படித்தேன். அதில் உடலின் பாரத்தை முதுகும் இருக்கையும் தாங்கும். மிதிகட்டை முன்னால் இருக்கும். கைகளுக்குத் திருப்புவதைத் தவிர வேறு வேலை இல்லை. காற்றுக்கும் நாம் காட்டும் மார்பு சிறியதாகிவிடுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். அதை வெல்ல வேண்டிய திறனோ மும்மடியாக ஏறும். 1933ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் இத்தகைய வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, 1914 முதல் நின்றிருந்த சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இவ்வகை வண்டிகளைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. வென்றதற்குக் கிடைத்த பரிசு, பாருங்கள்!

சட்டத்துக்குக் கரியிழையைத் தேர்ந்தேன். வேட்டி போல மடியும் கறுப்புத் துணி அது. எபாக்சி பிசினில் தோய்த்துக் காயவிட்டால் இரும்போடு போட்டியிடும். எடையோ அதே அளவு எஃகில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. தெர்மோகோலைச் சட்டத்தின் வடிவில் சீவி, அதன்மேல் ஆறு சுற்றுத் துணி போர்த்தி, துளையிட்ட நாடாவால் இறுக்கிக் கட்டினேன். மிகுதியான பிசின் வியர்வை போலத் துளித்து வெளியேறிற்று. கரியும் அலுமினியமும் நேராகத் தொட்டால், மழை ஈரத்தில் மின்கலம் போலாகி அலுமினியம் அரித்துப்போகும். ஆகவே இரண்டுக்கும் நடுவே கண்ணாடி இழைத் துணி வைத்தேன். சக்கரங்கள் பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. சங்கிலிக்கு மட்டும் சாதாரணச் சங்கிலிகள் இரண்டரை வேண்டியிருந்தது.

சட்டம் தாங்குமா? விடுதிச் சமையற்கூடத்திலிருந்து இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் மூன்றை ஓர் இரவு முழுவதும் அதன்மேல் ஏற்றி வைத்தேன். ஒரு நூல்கூடத் தாழவில்லை. பெருமையோடு அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நின்ன பாரம் வேற, ஓடுற பாரம் வேற, தம்பி. பள்ளத்துல விழுந்து எந்திரிக்கிறப்பதான் பார் முறியும்" என்றார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். என் பாடநூலில் ஓர் அதிகாரம் முழுவதும் நீளும் விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்! அன்றிரவு மூட்டைகளோடு வண்டியை முழங்கால் உயரத்திலிருந்து ஐம்பது முறை விழ விட்டேன். பிறகு, மண்பானை வாங்கும்போது அம்மா சுண்டிப் பார்ப்பது போல, ஒரு ரூபாய் நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டேன். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் ஓசை மந்தமாக வரும். எங்கும் கணீரென்றே கேட்டது. இன்றும் மாதம் ஒருமுறை அந்தச் சோதனை தவறுவதில்லை.

குறைகள் இல்லாமலில்லை. மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. பொறுமையாக ஏற வேண்டும். லாரிக்காரர் கண்ணில் படும்பொருட்டுப் பின்னால் உயரமான கம்பில் கொடி கட்டியிருக்கிறேன். தெரு நாய்களும் நானும் ஒருவரையொருவர் நேருக்கு நேராகப் பார்த்துக்கொள்கிறோம். அவை வெட்கப்பட்டு விலகுகின்றன.

ஆனால் எதிர்பாராத லாபம் ஒன்றுண்டு. இந்த ஊரில் இரண்டு ஆண்டுகளாக என்னிடம் எவரும் வலிய வந்து பேசியதில்லை. இப்போதோ ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் "காய் ஹே?" என்று ஒருவர் கேட்கிறார். என்னவென்று சொல்ல வேண்டியே மராட்டி கற்றுக்கொண்டேன். கடக்வாஸ்லா ஏரிக்கரைத் தேநீர்க்கடைக்காரர் இப்போது என் பெயரையும், ஊரையும், அப்பாவின் கடையையும் அறிவார். என் விரல்கள் மரத்துப்போய் ஆறு மாதமாகிறது.

அடுத்த ஆண்டு பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா வருகிறார். பட்டத்தைப் பார்க்க அன்றாம். பாரைத் தட்டிப் பார்க்கவாம். அவர் தட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகு, ஓட்டிப் பார்க்க விரும்பும் அன்பர்கள் தாராளமாக வரலாம்.