ரஞ்சன்குடிக் கோட்டை மேட்டில்

பெரம்பலூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் வாலிகண்டபுரத்தைத் தாண்டினால் ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். பேருந்தில் போகிறவர்களுக்கு அது ஒரு கரடு, அதைச் சுற்றி ஒரு மதில், அவ்வளவுதான். இறங்கி நடந்து அகழி ஓரம் நின்றபோதுதான் கட்டியவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பது எனக்கு விளங்கியது. கொத்தளங்கள் எல்லாம் அரைவட்டமாகப் புடைத்து நிற்கின்றன. சதுர மூலையைப் பீரங்கிக் குண்டு பெயர்த்துவிடும். வளைந்த சுவரில் பட்ட குண்டு வழுக்கி விலகக்கூடும். மூலை மறைவில் எதிரி ஒதுங்கவும் இடமில்லை. வெடிமருந்துக் காலத்துச் சிந்தனை இது.

கோட்டை 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கர்நாடக நவாபின் உறவினரான ஜாகீர்தார் ஒருவர் கட்டியதாகச் சொல்வார்கள். ஆனால் நவாபுகளுக்கு முன்பே இந்தச் சீமை பீஜப்பூர் சுல்தான்களின் கையில் இருந்தது. 1649-இல் செஞ்சியைப் பிடித்த பீஜப்பூர்ப் படை, வாலிகண்டபுரத்திலும் தன் ஆளுநரை அமர்த்தியது. ரஞ்சன்குடியைப் புரிந்துகொள்ள பீஜப்பூர் என்ற அந்தத் தொலைதூரத் தலைநகரை நினைத்துக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும்.

அந்தத் தலைநகரின் பார்வை பாரசீகத்தை நோக்கியிருந்தது. 1501-இல் பாரசீகத்தில் சஃபாவி மன்னர் ஷா இஸ்மாயில் ஷியா நெறியை அரசு நெறியாக்கினார். ஓரிரு ஆண்டுகளுக்குள் பீஜப்பூரில் சுல்தான் யூசுப் ஆதில் ஷாவும் அதே வழியில் போனார். கவிஞர்கள், ஓவியர்கள், படைத்தலைவர்கள் எனப் பாரசீகத்திலிருந்து கப்பலேறித் தக்காணம் வந்தவர்கள் ஏராளம். துருக்கியிலிருந்து பீரங்கி வார்ப்பவர்கள் வந்தார்கள். பீஜப்பூரில் இன்றும் நிற்கும் மாலிக்-இ-மைதான் பீரங்கி, முகம்மது ரூமி என்ற அத்தகைய வல்லுநர் 1549-இல் அகமத்நகரில் வார்த்தது. அதன் வாய், பற்களுக்கிடையே யானையை நசுக்கும் சிங்கத்தின் வாய். உடலில் இறைவன் பெயர். நபிகள் குடும்பத்தின் தொண்டன் என்று அகமத்நகர் மன்னர் நிஜாம் ஷா தன்னைச் சொல்லிக்கொள்ளும் வாசகம். 1686-இல் பீஜப்பூரை வென்ற ஔரங்கசீப்பும் தன் வெற்றியை அதே பீரங்கியில் பொறித்து வைத்தார். சிற்பம், பக்தி, படைபலம் மூன்றையும் ஒரே வெண்கலத்தில் வார்த்துவிட்டார்கள்.

ரஞ்சன்குடியில் அத்தகைய ஆடம்பரம் இல்லை. இணைப்பு தெரியாமல் செதுக்கி அடுக்கிய கற்கள், இடிந்த அரண்மனை, நிலவறைகள், ஒரு பள்ளிவாசல். எல்லைக் கோட்டைக்கு இது போதும். தலைநகரின் கலை கண்ணைப் பறிக்க வந்தது. இங்கே கல் தச்சனின் கை உயிர் காக்க உழைத்திருக்கிறது. எனக்கு இந்தச் சுவர்களே அதிகம் பிடித்திருக்கின்றன.

வேகமாக ஏறினால் மூச்சு வாங்கும். மூன்று சுற்று மதில்கள், ஒன்றைவிட ஒன்று உயரத்தில். 1751-இல் இவற்றின் வலிமை சோதிக்கப்பட்டது. நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவரில் சந்தா சாகிபின் படை பிரெஞ்சுக்காரர்களோடும், முகம்மது அலியின் படை ஆங்கிலேயரோடும் இங்கே வந்து இறங்கின. கோட்டைத் தலைவர் எந்தப் பக்கமும் பிடிகொடுக்கவில்லை. பொறுமையிழந்த ஆங்கிலேயர் தாக்கினார்கள். கீழே இருந்த பேட்டையை எரிக்க முடிந்தது. மேல் மதிலை நெருங்க முடியவில்லை. கோட்டைத் தலைவர் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தார். அடுத்து நடந்த மோதலில் ஆங்கிலப் படை கலைந்து ஓடியது. படையோடு வந்திருந்த இளைஞர் ராபர்ட் கிளைவாலும் அவர்களைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கினார்கள். ஆற்காட்டைப் பிடித்துக் கிளைவ் பேர் வாங்கியது அதே ஆண்டில்தான்.

போட்டியிட்ட இருவரும் முஸ்லிம்கள், துணைக்கு வந்த இரு தரப்பினரும் கிறிஸ்தவர்கள். மதத்தை வைத்து இந்தப் போருக்குக் கோடு கிழிக்க முடியாது. அன்று வெள்ளையரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது வரிவசூலும் வாரிசுச் சண்டையும்தான்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த மண்ணோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. வாலிகண்டபுரத்தின் பீஜப்பூர் ஆளுநர் ஷேர்கான் லோடி என்ற ஆப்கானியர்தான் 1673-இல் புதுச்சேரியில் அவர்களுக்கு இடம் கொடுத்தவர். புதுச்சேரி என்றதும் நாம் பிரான்சை நினைக்கிறோம். பிரெஞ்சுப் புதுச்சேரியின் தொடக்கம் இந்தப் பெரம்பலூர்ச் சீமையில் இருக்கிறது.

மேலே நின்றால் கீழே மக்காச்சோளக் காடும் பருத்திக் காடும் தெரிகின்றன. தென்கிழக்கே அரியலூர். 1677-இல் சிவாஜியிடம் திருவதிகை அருகே தோற்ற ஷேர்கான், மகனைப் பிணையாக ஒப்படைத்துவிட்டு அந்தப் பக்கத்துக் காட்டுக்குத்தான் போனார். அரசும் படையும் போன அந்த ஆப்கானியருக்கு அரியலூர்ப் பாளையம் அடைக்கலம் தந்தது. அடைக்கலம் தந்த அந்தப் பாளையத்தை, 1765-இல் முகம்மது அலியின் படை ஆங்கிலேயர் துணையோடு பிடித்துக்கொண்டது.